வாயும் உடம்பும்: தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்தும், சில நேரம் காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை வரையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். முன்பு பாட்டி சொன்னதைச் சொல்லிக் கேட்பார்கள். இப்போது கூடவே வாட்ஸ்அப் வீடியோவும் வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ தொடங்குவதோ வேண்டாம். அதற்கு உங்களை நேரில் பார்க்கிற மருத்துவர் இருக்கிறார்.

"ஓசூர் போறப்ப 'ஹோலிஸ்டிக் டென்டல்'னு ஒரு போர்டு பாத்தேன். அது தனிப் படிப்பா மேடம்?"

இல்லை. பி.டி.எஸ். முடித்தால் பல் மருத்துவர். அதற்கு மேல் எம்.டி.எஸ்.ஸில் ஈறு, வேர் சிகிச்சை (ரூட் கெனால்), பல் சீரமைப்பு, குழந்தைகள் பல் என்று ஒன்பது பிரிவுகள் உண்டு. ஹோலிஸ்டிக் அந்த ஒன்பதில் இல்லை. அது பட்டமல்ல, ஒரு மருத்துவர் தன் வழிக்கு வைத்துக்கொள்ளும் பெயர்.

அந்தப் பெயருக்குள் இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, பல்லை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்ப்பது. சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை, என்ன தண்ணீர், வாயில் புகையிலை வைக்கிறாரா என்று கேட்பது. இது நல்லதுதான், ஆனால் ஒழுங்காகப் படித்த எந்தப் பல் மருத்துவரும் செய்ய வேண்டியது. இன்னொன்று, வேர் சிகிச்சை செய்த பல்லெல்லாம் விஷம், வெள்ளி அடைப்பைத் தோண்டி எடு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு உறுப்பு என்கிற வகை. பேக்கேஜ் போட்டு விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சரக்கு. அவற்றுக்குக் கீழே தனித்தனியாகப் பதில் வரும்.

"வாயில இருக்கறது வாயோட போகாதா? அது எப்படி உடம்புக்குப் போகும்?"

பல்லில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அது சாப்பாட்டுத் துணுக்கு இல்லை. பெரும்பகுதி கிருமிகள். அது ஈறோரத்தில் நாள்கணக்கில் தங்கினால் ஈறு வீங்கும். வருடக்கணக்கில் தங்கினால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகும், அடியில் எலும்பு கரையும். அந்தப் பையின் உட்சுவர் முழுக்கப் புண். மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமிகள் அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் போகின்றன. ஆரோக்கியமான உடம்பு சீக்கிரம் அவற்றை ஒழித்துவிடும்.

கிருமி போவது ஒரு வழி. நாள்பட்ட ஈறு அழற்சியால் ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் கூடுவது இன்னொரு வழி. படுத்த படுக்கையாக இருக்கும் வயதானவர்களுக்கு எச்சிலோடு கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடுவது மூன்றாவது. மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்து உடம்பு இளைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ரத்தசோகை, சர்க்கரை, நெஞ்செரிச்சல், மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாம் வாயில் தெரியும்.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருது. உடம்பு சூடுதானே?"

சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே சொன்ன அழுக்கும் ஈறு வீக்கமும்தான். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் தப்பு. மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தையே கவனமாக, இரண்டு வேளையும் தேய்த்துப் பாருங்கள். கல்லுப்போல் காரை படிந்திருந்தால் பிரஷ்ஷுக்கு வராது. சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

சுத்தம் செய்தும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால், தேய்க்காமலே கசிந்தால், உடம்பில் அடிபடாமலே நீலத் திட்டுகள் இருந்தால், ஈறு திடீரென்று பல்லையே மூடுகிற மாதிரி வீங்கினால், ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். ரத்தப் புற்றுநோய் சிலருக்கு முதலில் ஈறில்தான் தெரிகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அரிதானது. ஆனால் தவறவிடக் கூடாதது.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்னு எங்க மாமா சொல்றாரு."

மாமா பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. ஈறு இறங்கி எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது, வீக்கம் வடிவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். சுத்தம் செய்யும் கருவி தட்டி அதிர்வதுதான், பல்லைச் சீவுவதில்லை. காரையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும், அப்போது பல் நிஜமாகவே ஆடும்.

"எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு காவி. எவ்வளவு தேச்சாலும் போக மாட்டேங்குது. சுத்தம் பண்ணா போகுமா?"

போகாது, ஏனென்றால் அது மேலே ஒட்டிய கறை அல்ல. குடிநீரில் இருக்கும் ஃப்ளோரைடால் பல் உருவாகும்போதே உள்ளுக்குள் ஏற்பட்ட மாற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடியில் இருப்பது பழைய கருங்கல் பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பும் 1.5தான். நம் பக்கத்துப் பல கிணறுகளும் போர்களும் அதைத் தாண்டியவை. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு கூடுவதால் வரும் நோய்) பாதிப்புத் தணிப்பு என்று இருக்கும். 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் போகிறது.

முன்பற்களின் எனாமல் முதல் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயது வரை ஆகும். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் பிறகு பல்லில் தெரிகிறது. ஒரு முறை அக்கா தங்கை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அக்கா சின்ன வயதில் பாட்டி வீட்டில், ஆற்றுத் தண்ணீர் வரும் ஊரில் வளர்ந்தவள், பல் வெள்ளை. தங்கை இங்கேயே போர் தண்ணீரில் வளர்ந்தவள். மேல் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு, ஓரத்தில் சுண்ணாம்பு அப்பியது போல் வெள்ளைத் திட்டு. ஒரே அம்மா, ஒரே சாப்பாடு, பிரஷ் கூட ஒரே கம்பெனி. தண்ணீர் மட்டும்தான் வேறு.

பெரியவர்களான பிறகு ஃப்ளோரைடு தண்ணீர் குடித்தால் புதிதாகப் பல்லில் கறை வராது. வந்த கறையை லேசானதாக இருந்தால் மேற்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்தும் வெளுத்தும் குறைக்கலாம். ஆழமானதாக இருந்தால் பல் நிறப் பூச்சோ மேலுறையோ போடலாம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கச் சொல்லாதீர்கள், நேரம் பிடிக்கும் வேலை அது. ஆசிட் தடவி வெள்ளையாக்குகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள்.

"தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா ஃப்ளோரைடு போயிடுமா?"

போகாது, கூடும். தண்ணீர் ஆவியாகிறது, ஃப்ளோரைடு அப்படியே நிற்கிறது. காய்ச்சுவது கிருமிக்கு மட்டும்தான். கேண்டில் ஃபில்டரும் புற ஊதாக் கதிர் ஃபில்டரும் ஃப்ளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், சவ்வை நேரத்துக்கு மாற்றினால்.

குடிக்க மட்டும் கேன் தண்ணீர், சமையலுக்குப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கிற வீடுகள் நிறைய. களி கிண்டும்போதும் சோறு வடிக்கும்போதும் பருப்பு வேகும்போதும் தண்ணீர் சாப்பாட்டுக்குள்தான் போகிறது. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் சமையலுக்கும் காவிரித் தண்ணீர் பிடித்து வையுங்கள். உங்கள் போரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதிக்கலாம். பக்கத்து வீட்டுப் போரின் அளவை வைத்து உங்களுடையதைச் சொல்ல முடியாது.

"அப்பாவுக்குக் குனிய முடியல, கழுத்து திரும்பல. பல்லுக் கறையும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றாக இருக்கலாம். பல வருடம் அதிக ஃப்ளோரைடு உடம்பில் சேர்ந்தால் எலும்பு தடித்து, மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் சுண்ணாம்பாகி இறுகும். இங்கே பிறந்து வளர்ந்தவருக்குப் பல்லில் கறையும் இருந்து முதுகு, கழுத்து, முழங்கை விறைப்பும் இருந்தால், வெறும் வாதம் என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரேயும் சிறுநீர் ஃப்ளோரைடு பரிசோதனையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 2008–09இல் தொடங்கிய தேசிய ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டமே இதற்காகத்தான். வந்த விறைப்பை முழுதாகத் திருப்ப மருந்து இல்லை. தண்ணீரை மாற்றினால் மேலும் கூடாமல் நிறுத்தலாம்.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து நன்றாக இருந்தால் குடலில் ஃப்ளோரைடு ஏறுவது குறைகிறது. நம் ஊர் கேழ்வரகு இதில் கெட்டிக்காரத் தானியம்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களியை நல்ல தண்ணீரில் கிண்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டங்காப்பி பரவாயில்லை; நாள் முழுக்கக் கட்டன் டீ குடிப்பதைக் குறையுங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு.

"ஃப்ளோரைடே விஷம், பேஸ்ட்டே வேண்டாம்னு ஒரு வீடியோல வெள்ளைக்காரர் சொல்றாரு. நம்ம ஊருக்கு அது சரிதானே?"

கேள்வி நியாயமானது. மேலே மூன்று பதில்களில் ஃப்ளோரைடைத் திட்டிவிட்டு இங்கே மாற்றிப் பேசுவது போல் இருக்கும். அமெரிக்காவில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் வேண்டுமென்றே ஃப்ளோரைடு கலக்கிறார்கள், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்பது அவர்கள் அளவு. அதை எதிர்க்கும் சண்டை அங்கே நடக்கிறது. நமக்கு யாரும் கலக்கவில்லை, பாறையே கலக்கிறது, அதுவும் சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு. அந்த ஊர் வாதத்தை அப்படியே இங்கே இறக்கினால் பேஸ்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்போம்.

பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது, துப்பிவிடுகிறோம். விழுங்குவதுதான் பிரச்சினை, அதைச் செய்வது குழந்தைகள். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் பெரியவர் நின்று துப்பவைக்க வேண்டும். குழந்தை இன்னும் ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீர்தான் குடிக்கிறது என்றால், ஆறு வயது வரை ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் போதுமா என்று உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்கள் ஃப்ளோரைடு பேஸ்ட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காவிப் பல் சொத்தையாகாது என்றும் நினைக்காதீர்கள். பாதிப்பு அதிகமானால் எனாமல் பொடிந்து குழிவிழுந்து, சொத்தை எளிதாக உட்கார்ந்துகொள்ளும்.

"எனக்குச் சர்க்கரை இருக்குது. பல்லுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

வாய்க்கும் உடம்புக்கும் உள்ள தொடர்புகளில் ஆதாரம் மிக வலுவாக இருப்பது இதில்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் போகும், புண் ஆறாது. ஈறு நோய் முற்றியிருந்தால் அந்த அழற்சியால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, சில மாதங்களில் ஏறக்குறைய 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியும். 8.2இலிருந்து 7.8க்கு வர இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டியவருக்கு அது சிறியதல்ல. அதற்காக மாத்திரையை விட்டுவிட்டுப் பல்லைச் சுத்தம் செய்தால் போதும் என்று அர்த்தமில்லை.

சர்க்கரை இருப்பதே தெரியாமல் பல்லுக்கு வருகிறவர்களும் உண்டு. நாற்பது வயதில் நான்கைந்து பல் ஒரே நேரத்தில் ஆடுகிறது, ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறது என்றால் நான் முதலில் சர்க்கரை பார்த்துவரச் சொல்வேன்.

இன்னொரு விஷயம். பல் பிடுங்கப் போகிறோம் என்று வெறும் வயிற்றில், ஆனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பெரிய மருத்துவமனையில் ஆபரேஷனுக்குச் சொல்வது வேறு, இது வேறு. நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி வேர்த்து மயங்குவார்கள். காலையில் எப்போதும் போல் சாப்பிட்டு, மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு, முற்பகலில் வாருங்கள்.

"வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கறாங்க. அதுல இருந்து ஈறு வீங்குதுன்னு சொன்னீங்க, அப்படின்னா நிறுத்திடவா?"

நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். முன்பு மாத்திரையே போடாமல் இருந்த பலர் இன்று ஒழுங்காகப் போடுகிறார்கள். அதைக் கெடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். முன்பற்களுக்கு நடுவில் ஈறு முக்கோணமாகப் பிதுங்கி நிற்கும், வலி இருக்காது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினிலும் இது வரும். வாய் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அதை அவர்தான் செய்ய வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். ஒரு பல் பிடுங்க அதை நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சை அழுத்தி, தேவையானால் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தி, இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால், அதை அப்படி எளிதில் சரிசெய்ய முடியாது. வார்ஃபரின் போடுகிறவர்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டு வாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை இறுக்கும் மாத்திரை, ஊசி எடுத்தவர்கள் பல் பிடுங்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. மாத்திரைப் பெயர் நினைவில் இல்லையென்றால் அட்டையையே கொண்டுவாருங்கள். "வெள்ளையா, சின்னதா" என்பதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

"பல்லைச் சுத்தமா வெச்சா ஹார்ட் அட்டாக் வராதா?"

அப்படிச் சொல்ல முடியாது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் பீடி, சர்க்கரை, வயது எல்லாம் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லாவற்றையும் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்று காட்ட ஆதாரம் இல்லை என்றது. "ஈறு சிகிச்சை செய்தால் பைபாஸ் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சந்தேகமே இல்லாத தொடர்பு ஒன்று இருக்கிறது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், ஏற்கெனவே இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்கு வாயிலிருந்து போகும் கிருமி வால்வில் உட்கார்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்கவோ ஆழமாகச் சுத்தம் செய்யவோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தருவோம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து பின்னால் வால்வு மாற்றியவர்கள் இங்கே கணிசம். வந்தவுடன் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு இந்த ஆன்டிபயாடிக் தேவையில்லை.

"மாசமா இருக்கேன். குழந்தை பொறக்கற வரைக்கும் பல்லைத் தொடக் கூடாதுங்கறாங்க மாமியார்."

தொடலாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை மிக வசதி, சீழ், வீக்கம் என்றால் எந்த மாதமானாலும் பார்க்க வேண்டும். மரத்துப்போகப் போடும் ஊசியும், ஈயக் கவசம் போட்டு எடுக்கும் ஒரு பல் எக்ஸ்ரேயும் குழந்தையைப் பாதிக்காது. வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், சில வகை கர்ப்பத்தில் ஆகாது.

இந்த மாதங்களில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் கர்ப்பத்தின்போது ஈறு சிகிச்சை செய்து பார்த்த பெரிய ஆய்வுகளில் சிகிச்சை பாதுகாப்பானது என்று தெரிந்ததே தவிர, குறைமாதப் பிரசவம் குறையவில்லை. ஆகவே உங்கள் வலிக்காகவும் சாப்பாட்டுக்காகவும் செய்துகொள்ளுங்கள். வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் எடுக்காமல் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேயுங்கள்.

"மேல் பல்லு பிடுங்கினா கண் போயிடும்தானே?"

போகாது. பார்வைக்கான நரம்பு நேராக மூளைக்குப் போவது. மேல் பல்லுக்கு உணர்வு தருவது வேறு நரம்பு. பல் பிடுங்கும் வயதும் கண்ணாடி போடும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த பயம் இது.

"மாங்கா சீசன் வந்தா பல்லு கூசுது. பேஸ்ட் மாத்தினா போதுமா?"

காயும் புளியும் அதிகம் தின்றால் எனாமல் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். தின்றதும் தண்ணீர் கொப்பளியுங்கள், உடனே தேய்க்காதீர்கள். ஆனால் சீசன் இல்லாதபோதும் கூச்சம் இருந்து, மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அது மாங்காய் வேலையாக இருக்காது. இரவில் வயிற்று அமிலம் மேலேறி வருகிறதா, காலையில் வாய் புளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே பேஸ்ட் அல்ல, வயிற்று வைத்தியம்தான் முதலில்.

"நல்லெண்ணெய் கொப்பளிக்கறது, வேப்பங்குச்சி இதெல்லாம் பொய்யா? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு படிச்சோமே."

பொய்யல்ல. எண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளிப்பது ஆயுர்வேதத்தில் பழைய முறை, சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. பல்லழுக்கும் ஈறு வீக்கமும் கொஞ்சம் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. துப்பும்போது வெள்ளையாக வருவது உடம்பின் நச்சு அல்ல, எண்ணெயும் எச்சிலும் கலந்தால் அப்படித்தான் வரும். சர்க்கரை, மூட்டுவலி, சிறுநீரகம் எல்லாம் சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை. தேய்ப்பதோடு கூடுதலாகச் செய்யலாம், தேய்ப்பதற்குப் பதிலாக வேண்டாம். குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் கொடுக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

குச்சியை நுனி நாராகும் வரை மென்று மெதுவாகத் தேய்த்தால் பரவாயில்லை. பின்பற்களின் உட்பக்கம் எட்டாது என்பதுதான் குறை. எனக்குக் கோபம் வருவது கரி, செங்கல் தூள், சாம்பல் மேல்தான். இருபது வருடம் அதில் தேய்த்தவரின் கோரைப்பல்லில், ஈறுக்குச் சற்று மேலே, நகம் மாட்டும் அளவுக்கு வெட்டுப் பள்ளம் இருக்கும். அதற்குள் மஞ்சளாகத் தெரிவது உள்ளடுக்கு. அந்தக் கரிப்பொடியை இயற்கை என்று சொல்லி இப்போது அழகான டப்பாவிலும் விற்கிறார்கள்.

"ரூட் கெனால் பண்ண பல்லுல இருந்துதான் கேன்சர் வருதாம். பிடுங்கிடலாமா?"

இது நூறு வருடப் பழைய கதை. அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், வேர் சிகிச்சை செய்த பற்களை எடுத்து முயலின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, உடம்பு நோய்களுக்கு அவைதான் காரணம் என்றார். அந்தக் காலத்தில் அதை நம்பி ஏராளமான பற்கள் பிடுங்கப்பட்டன, நோய்கள் போகவில்லை. பின்னால் ஒழுங்கான ஒப்பீட்டோடு செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நிற்கவில்லை. 1950களுக்குள் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. இப்போது வீடியோவாக மறுபடி சுற்றுகிறது.

சிகிச்சை செய்த பல்லில் வீக்கம், சீழ், கடித்தால் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், சில சமயம் மறுபடி செய்யவோ எடுக்கவோ நேரும். ஒரு தொந்தரவும் இல்லாத பல்லைப் பயத்தால் பிடுங்காதீர்கள். உறை போடாமல் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் நம் ஊரில் உண்மையான பிரச்சினை. வலி நின்றதும் ஆளைக் காணோம், ஆறு மாதத்தில் பல் இரண்டாகப் பிளந்து வருவார்கள்.

"என் பழைய வெள்ளி அடைப்புல பாதரசம் இருக்காம். எடுத்துடணுமா?"

இருக்கிறது, ஏறக்குறைய பாதி எடை பாதரசம்தான். மற்ற உலோகங்களோடு இறுகியிருப்பதால் வெளிவரும் ஆவி மிகக் குறைவு. கெடாத அடைப்பைத் துளைத்து எடுக்கும்போதுதான் ஆவி அதிகமாகக் கிளம்பும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அதனால் உடையாத, கசியாத அடைப்பை அப்படியே விடுங்கள்.

புதிதாகப் போடுவது வேறு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உலக உடன்படிக்கையின் 2022 திருத்தப்படி பதினைந்து வயதுக்குக் கீழானவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுவோருக்கு, மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஒழிய, இதைப் போடக் கூடாது. இப்போது பல் நிற அடைப்புகளே பெரும்பாலும் போடப்படுகின்றன. அடைப்பை எடுத்துவிட்டு "உலோக நச்சு நீக்கம்" என்று சொட்டு மருந்து ஏற்றுகிற கடைக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

"ஒரு சார்ட்ல இந்தப் பல்லு கல்லீரலு, இந்தப் பல்லு கிட்னின்னு போட்டிருக்கு. உண்மையா?"

ஜெர்மன் மருத்துவர் ஒருவர் 1950களில் அக்குபங்சரையும் மின்கருவியையும் சேர்த்து உருவாக்கிய முறையிலிருந்து பரவியவை அந்தப் படங்கள். கடைவாய்ப் பல்லிலிருந்து கிட்னிக்குப் போகும் பாதை உடற்கூறியலில் இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன வழிகள் எந்தப் பல்லுக்கும் பொது. கிட்னி பற்றிப் பயமிருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பரிசோதித்துப் பாருங்கள்.

"ஹான்ஸ் வெச்சாதான் பல்லு வலி அடங்குது. வெத்தலை பாக்கு நல்லதுதானே?"

புகையிலை மரத்துப்போகச் செய்கிறது, வலிக்கும் காரணம் அப்படியே வளர்கிறது. பாக்கு புகையிலை சேர்க்காவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் உள்ளே நார்போல் இறுகி, திறக்கவே முடியாமல் போகும். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், காரம் பட்டாலே எரிந்தால், வாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எங்கே இருந்தாலும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். வலி இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல; தொடக்கத்தில் வலிக்காது.

"பாட்டிக்கு எண்பது வயசு. களிதானே சாப்பிடறாங்க, அதை மெல்லவே வேண்டாம். பல் செட் எதுக்கு?"

களியை விழுங்கலாம், சரி. கூடத் தொட்டுக்கொள்ளும் கீரை, கறி, கடலை, பழம் எல்லாம் கழன்றுபோகும். பிறகு களியும் புளித்தண்ணியுமாகவே ஓடும், புரதம் போய் உடம்பு இளைக்கும். ஏற்கெனவே செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பல்லே இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் தினமும் துடைக்க வேண்டும். சாய்த்து உட்காரவைத்துத் துடையுங்கள், மல்லாக்கப் படுக்கவைத்து அல்ல. முதலில் சொன்ன நுரையீரல் வழி இதுதான், முதியவர்களுக்கு நிமோனியா வருவதில் அதற்குப் பங்குண்டு.

"ராத்திரியில பல்லு வலி வந்தா காலையில பாத்துக்கலாமா? எப்போ உடனே ஓடணும்?"

வெறும் வலி என்றால் பாரசிட்டமால் போட்டுக் காலையில் வரலாம். ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லில் வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெய் ஒரு துளி பஞ்சில் வைக்கலாம்.

தாடைக்கடியில் இரண்டு பக்கமும் கல்போல் வீங்கி நாக்கு மேலே தூக்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால், கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், பல் மருத்துவமனை திறக்கக் காத்திருக்க வேண்டாம். மஞ்சள் பற்று, வென்னீர் ஒத்தடம் எல்லாம் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகப் போங்கள். படுக்கவைக்காமல் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள், சர்க்கரை மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.